பினாங்குக்கு வரும் புகையை எந்தச் செயற்கைக்கோளில் பார்ப்பது?

காலையில் தண்ணீர்மலைப் படிகளில் ஏறி நின்று பார்க்கும்போது நீரிணையும் பாலமும் வெளிறி மறைந்திருந்தால், அது மழைக்கு முந்திய மூட்டமா அல்லது சுமத்ராவிலிருந்து வந்த புகையா என்று கண்ணால் மட்டும் சொல்லிவிட முடியாது. மலேசியாவில் காற்று மாசைக் காட்டும் ஐ.பி.யு. குறியீடு புகை வந்து சேர்ந்த பிறகே உயர்கிறது. இளைப்பு நோயுள்ள பிள்ளையையோ வயதான பெற்றோரையோ வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகத் தெரிவதுதான் உதவும். இதற்கு இலவசமாகக் கிடைக்கும் முக்கிய வழிகள் இரண்டு: ஜப்பானின் ஹிமாவாரி-9 அனுப்பும் படங்களும், அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் உள்ள வீர்ஸ் கருவியின் படங்களும்.

படத்தின் நுணுக்கத்தில் வீர்ஸ் முந்துகிறது. அதைச் சுமந்து செல்லும் சுவோமி என்.பி.பி., நோவா-20, நோவா-21 ஆகிய மூன்று செயற்கைக்கோள்களும் பூமியிலிருந்து சுமார் 830 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுற்றுவதால், 375 மீட்டர் அளவிலேயே தீயின் வெப்பப் புள்ளியைப் பிடித்துவிடுகின்றன. சுமத்ராவின் ரியாவ், ஜம்பி போன்ற இடங்களில் பீட் எனப்படும் மக்கிய சதுப்பு மண் கொழுந்துவிடாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று எரிவதால், இந்த நுணுக்கம் அங்கே மிகவும் தேவைப்படுகிறது. இருந்தும், அடர்ந்த புகையோ மேகமோ மேலே மூடியிருந்தால் புள்ளியே பதிவாகாது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி இல்லை என்பதற்காகத் தீ இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

வீர்ஸின் பெரிய குறை நேரம். மூன்று செயற்கைக்கோள்களும் பிற்பகல் ஒன்றரை மணியையொட்டியே நம்மைக் கடக்கின்றன. இரவிலும் ஒன்றரை மணியையொட்டி மீண்டும் வந்தாலும், இருளில் புகைப்படலம் தெளிவாகத் தெரிவதில்லை. ரியாவின் தலைநகரான பெக்கான்பாருவிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர். காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக நம் பக்கம் வீசினால், ஒரு பிற்பகல் படத்துக்கும் மறுநாள் படத்துக்கும் இடையில் புகை 480 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது, முதல் படத்தில் ரியாவில் இருந்த புகை, அடுத்த படத்தைப் பார்க்கும் வேளையில் நம் வாசலை நெருங்கியிருக்கும்.

இங்கேதான் ஹிமாவாரியின் அருமை தெரிகிறது. 140.7 பாகை கிழக்கில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருந்துகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அரைக்கோளம் முழுவதையும் அது படமெடுக்கிறது. அகச்சிவப்பில் அதன் நுணுக்கம் 2 கிலோமீட்டர்தான் என்பதால் சிறு தீ தப்பிவிடும். ஆனால் படங்களை அடுக்கி ஓடவிட்டால், மேகங்கள் தோன்றித் தோன்றிக் கலைய, புகை மட்டும் ஒரே இடத்தில் வேரூன்றி நீளமாக இழுபடுவதைக் காணலாம். மேகத்தையும் புகையையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான வழி இல்லை. பார்ப்பதற்கு உகந்த வேளை மாலை: சூரியன் மேற்கே சாயும்போது, அதன் ஒளி புகைத்துகள்களில் பட்டுக் கிழக்கே நிற்கும் ஹிமாவாரியை நோக்கி முன்சிதறுவதால், நண்பகலில் மங்கலாயிருந்த படலமும் பளிச்சென்று தெரியும். இரவில் மட்டும் அதுவும் கைவிட்டுவிடும். இருளில் எஞ்சுவது அகச்சிவப்புப் படம்தான்; புகைத்துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் அகச்சிவப்பு அவற்றை ஊடுருவிச் சென்றுவிடுகிறது.

ஐரோப்பாவின் சென்டினல்-5பி தரும் கார்பன் மோனாக்சைடு வரைபடமும் உண்டு. மேகமா புகையா என்ற ஐயத்தைத் தீர்க்க அது துணைபுரியும். ஆனால் நாளுக்கு ஒரு பகல் படமே கிடைப்பதால் நகர்வைப் பின்தொடர உதவாது.

ஆகவே நான் வீர்ஸில் தீ எங்கே என்று பார்த்துக்கொண்டு, புகை எப்பக்கம் போகிறது என்பதை மாலை ஹிமாவாரியில் தொடர்வேன். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஹிமாவாரியையே எடுப்பேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்கே பார்க்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் தாய்லாந்து, மியன்மார் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். இரு படங்களும் காட்டுவது மேலிருந்து கீழ்வரை உள்ள மொத்தப் புகையை என்பதால், அது தலைக்கு மேலே உயரத்தில் கடந்துபோகிறதா, நாம் மூச்சுவிடும் காற்றில் இறங்கிவிட்டதா என்பதை அருகிலுள்ள தரைநிலையத்தின் ஐ.பி.யு. எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புவதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.