பேய்க் கோட்டைல ஒரு ஸ்கூல்: 'தி கோஸ்ட் ஆஃப் செயின்ட் மைக்கேல்ஸ்' (1941)

நேத்து ராத்திரி இந்தப் படத்தை மூணாவது தடவையா பாத்தேன், இன்னும் அலுக்கல. இங்கிலாந்தோட ஈலிங் ஸ்டூடியோ எடுத்த கருப்பு வெள்ளைப் படம், 82 நிமிஷம்தான்.

இரண்டாம் உலகப் போர் நேரம், ஒரு போர்டிங் ஸ்கூலை அப்படியே கிளப்பி ஸ்காட்லாந்துல ஸ்கை தீவுல இருக்கற ஒரு பழைய கோட்டைக்குக் கொண்டு போயிடறாங்க, அங்க சயின்ஸ் வாத்தியாரா வந்து சேர்றார் இங்கிலீஷ் காமெடி நடிகர் வில் ஹே, சயின்ஸ்னா என்னன்னே தெரியாத ஆளு, பசங்க முதல் நாளே மோப்பம் பிடிச்சிடறாங்க. அந்தக் கோட்டைல ஒரு பேய்க்கதை உண்டு, ராத்திரில பேக்பைப் (ஸ்காட்லாந்துக்காரங்க ஊதற பை வெச்ச குழல் வாத்தியம்) சத்தம் கேட்டா ஒரு சாவு விழும்னு. சத்தமும் கேக்குது, தலைமை ஆசிரியரும் செத்துப் போறார். இதுக்கு மேல கதை சொல்ல மாட்டேன், யார் பண்றாங்கன்னு கண்டுபிடிக்கறதுல பாதி சுகம் இருக்கு.

வில் ஹே பத்தி சொல்லியே ஆகணும். மூக்கு நுனில தொங்கற கண்ணாடி, அதுக்கு மேல இருந்து ஒரு பார்வை, பசங்க ஒரு கேள்வி கேட்டதும் 'எனக்குத் தெரியும்டா'ங்கற மாதிரி ஒரு உறுமல், அப்புறம் ஒரு உளறல். இந்த வாத்தியார் வேஷத்தை சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே வருஷக்கணக்கா மேடைல போட்டவர், அந்த நாடகத்துல வர்ற ஸ்கூல் பேரும் செயின்ட் மைக்கேல்ஸ்தான். ஆனா நிஜத்துல மனுஷன் வானியல்ல கெட்டிக்காரர், 1933ல சனி கிரகத்துல ஒரு பெரிய வெள்ளைப் புள்ளியைத் தன்னோட சொந்த டெலஸ்கோப்ல கண்டுபிடிச்சவர், இது தெரிஞ்சுக்கிட்டு அந்த சயின்ஸ் க்ளாஸ் சீனைப் பாருங்க, இன்னும் பிடிக்கும்.

அவரோட பழைய படங்கள்ல கூட வர்ற மூர் மாரியட்டும் கிரஹாம் மாஃபட்டும் இதுல இல்ல, அதனால இது ஒரு படி கீழன்னு சொல்றவங்க உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். சக வாத்தியாரா வர்ற க்ளாட் ஹல்பர்ட் அவ்ளோ சாதுவா, நல்ல மனசோட, எதுவும் புரியாம கூடவே வர்றார், ரெண்டு பேரும் பயந்து ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கறப்போ நமக்கும் அவங்க மேல பாசம் வந்துடுது. எல்லாத்தையும் துருவித் துருவிப் பாக்கற மாணவனா வர்றது சார்ல்ஸ் ஹாட்ரி, பின்னாடி 'கேரி ஆன்'ங்கற பிரிட்டிஷ் காமெடி வரிசைப் படங்கள்ல வந்தாரே அவரேதான்.

பயம் நிஜமா பயமாவே இருக்கு, அதான் இந்தப் படத்தோட பலம். டைரக்டர் மார்செல் வார்னெல் காமெடிக்காக இருட்டைக் குறைக்கல, கல் சுவரு, நீளமான வராண்டா, தூரத்துல அந்த பேக்பைப், கடைசில ஹே, ஹல்பர்ட், ஹாட்ரி மூணு பேரும் ஒரு ரூம்ல மாட்டிக்கிட்டு கூரை மெதுவா கீழ இறங்கி வர்ற சீன் இருக்கே, சிரிச்சுக்கிட்டே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். லண்டன் மேல 1941 மே வரைக்கும் ஜெர்மன் குண்டு விழுந்துட்டு இருந்துச்சு, அந்த ஜனங்களுக்காக எடுத்த படம் இது, அவங்க இருட்டுல உக்காந்து இந்த இருட்டைப் பாத்து சிரிச்சிருப்பாங்கன்னு நினைச்சா மனசு என்னமோ பண்ணுது.

குறைன்னா நடுவுல கொஞ்சம் இழுக்குது, முடிவை அவசரமா முடிச்சிட்டாங்க. ஸ்காட்லாந்து உச்சரிப்பு சில இடத்துல பிடிபடாது, குறிப்பா ஜேமியா வர்ற ஜான் லாரி பேசறது, அதனால சப்டைட்டில் இருக்கற காப்பியா தேடுங்க. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு பாருங்க, பேக்பைப் சத்தத்துக்கு ஹெட்போன் போட்டுக்கோங்க.