விமானச் சரக்கா, கப்பலா, கூரியரா: சிறு இறக்குமதியின் உண்மையான செலவு

கோவையிலோ அம்பத்தூரிலோ பட்டறை நடத்தும் ஒருவர் முதன்முறையாக வெளிநாட்டிலிருந்து இயந்திர உதிரிபாகம் வரவழைக்கும்போது, எந்த வழியில் வந்தால் வரி குறையும் என்றுதான் முதலில் கேட்கிறார். வணிக இறக்குமதியில் பொருளுக்குரிய வரி விகிதம் மூன்று வழிகளிலும் ஒன்றே. அந்த விகிதம் எந்தத் தொகையின் மீது விழுகிறது, கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற இரண்டில்தான் வேறுபாடு இருக்கிறது.

இந்தியாவில் பொருளின் விலையோடு சரக்குக் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டி வரும் சி.ஐ.எஃப். மதிப்பின் மீதே சுங்க வரி கணக்கிடப்படுகிறது. காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது அனுப்பும் நாட்டில் சரக்கை ஏற்றும் வரையிலான விலையில், 1.125 விழுக்காடு சேர்க்கப்படும். கப்பலுக்கு உண்மையாகச் செலுத்திய கட்டணம் முழுவதும் கணக்கில் வரும்; விமானத்தில் வந்தால், எவ்வளவு செலுத்தியிருந்தாலும், எஃப்.ஓ.பி. விலையில் 20 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. (இறக்குக் கூலி என்று 1 விழுக்காடு கூட்டும் வழக்கம் 2017-இலேயே நீக்கப்பட்டது, பழைய கணக்குத் தாளை வைத்திருப்பவர்கள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.)

எஃப்.ஓ.பி. விலை 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 7.5 விழுக்காடு, அந்த வரியின் மீது சமூக நலக் கூடுதல் வரி 10 விழுக்காடு, இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யாகிய ஐ.ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். விமானக் கட்டணம் 45,000 ரூபாய் என்றாலும் 20,000 மட்டுமே சேர்வதால் மதிப்பு 1,21,125 ரூபாய் ஆகிறது. அடிப்படை வரியும் கூடுதல் வரியும் சேர்ந்து ஏறத்தாழ 9,993, அவற்றையும் கூட்டிய மதிப்பின் மீது ஐ.ஜி.எஸ்.டி. 23,601, ஆக மொத்தம் 33,594 ரூபாய். அதே சரக்கு 6,000 ரூபாய் கட்டணத்தில் கப்பலில் வந்தால் மதிப்பு 1,07,125. வரிகள் முறையே 8,838, 20,873, மொத்தம் 29,711 ரூபாய்.

வேறுபாடு 3,883 ரூபாய். ஆனால் ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தன் விற்பனைக்குக் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளக் கூடியவருக்கு உண்மையில் கையை விட்டுப் போவது 1,155 ரூபாய்தான். எனவே வரியை முன்னிட்டு விமானத்தைத் தவிர்ப்பதில் பொருளில்லை. தவிர்ப்பதானால் 39,000 ரூபாய் கட்டண வித்தியாசத்துக்காகவே தவிர்க்க வேண்டும். விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் ஜி.எஸ்.டி.யாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இந்த வரவு கிடையாது என்பதால், அவர் 3,883 ரூபாயையும் செலவாகவே எழுத வேண்டும்.

கப்பல் வழியின் உண்மையான சோதனை துறைமுகத்துக்குப் பிறகு தொடங்குகிறது. பிறர் சரக்கோடு ஒரே கொள்கலனில் வரும் எல்.சி.எல். முறையில் சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டருக்கான கட்டணம், சரக்கைப் பிரிக்கும் கட்டணம், சி.எஃப்.எஸ். எனப்படும் கொள்கலன் சரக்கு நிலையக் கட்டணம், சுங்க முகவரின் கூலி என்று பல பட்டியல்கள் வரும். அவற்றில் சில, சரக்கு ஒரு கன மீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கே போடப்படும். கடல் கட்டணம் மிகக் குறைவாகவோ சுழியமாகவோ சொல்லப்பட்டால், அந்தத் தொகை பெரும்பாலும் சென்னையிலோ தூத்துக்குடியிலோ வசூலிக்கப்படும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே இறக்குமிடக் கட்டணங்கள் அனைத்தையும் எழுத்தில் வாங்காமல் கப்பலை மலிவு என்று முடிவு செய்யக் கூடாது. சுங்கத் துறைக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியை உரிய காலத்தில் தாக்கல் செய்யாவிட்டால் முதல் 3 நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் தாமதக் கட்டணமாக விழும். மேலே சொன்ன 1,155 ரூபாய் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துபோகும்.

விமானச் சரக்கை மீனம்பாக்கத்தில் சுங்க முகவர் மூலம் எடுப்பதில் பட்டியல்கள் குறைவு, கால அளவும் தெளிவு. சில பத்து கிலோ எடையுள்ள, விலை உயர்ந்த பாகத்துக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

கூரியர் எல்லாவற்றிலும் எளிது. வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஆனால் நிறுவனமே வரியை முன்கூட்டிக் கட்டிவிட்டு, அதற்கென்று தனிக் கட்டணம் சேர்த்து நம்மிடம் வாங்குகிறது. அதைவிட முக்கியமானது, அது தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் நம் ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு) எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் இடம்பெற வேண்டும் என்பது. அடையாளச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு தனிநபர் பெயரில் விடுவித்துவிட்டால், அந்த ஐ.ஜி.எஸ்.டி. நமக்குரிய வரி வரவைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி படிவத்தில் வராது. வரவாக எடுத்திருக்க வேண்டிய தொகை முழுச் செலவாகிவிடும். இரண்டு எண்களையும் சரக்கு புறப்படுமுன் அனுப்புநரின் இன்வாய்ஸிலேயே அச்சிடச் சொல்வதும், கூரியர் அலுவலகத்துக்குத் தனியே எழுதித் தெரிவிப்பதும் சில நிமிட வேலைதான்.