சிம்கோ ஏரியில ஆறு குளிர்காலம், என்ர ஐஸ் பிஷிங் சாமான்கள் எப்பிடி உழைச்சுது

நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன், 2020 தை மாசம் முதல் தரம் லேக் சிம்கோவுக்கு ஐஸ் பிஷிங் (உறைஞ்ச ஏரிக்கு மேல துளை போட்டு மீன் பிடிக்கிறது) போனன், 2025 பங்குனியோட ஆறு சீசன் முடிஞ்சுது. இந்த ஆறு வருஷத்தில வாங்கினது, உடைஞ்சது, வித்தது, இப்பவும் வைச்சிருக்கிறது எல்லாத்தையும் தமிழில ஒருக்கா எழுதவேணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டு இருந்தனான், ஏனெண்டால் எங்கட ஆக்கள் இப்ப நிறையப்பேர் இதுக்கு வெளிக்கிடினம், வந்து கேக்கிற முதல் கேள்வி எந்த சோனார் (தண்ணிக்குள்ள மீன் நிக்கிறதைக் காட்டிற மெசின்) வாங்கிறது எண்டுதான். சோனார் பிறகு. முதல்ல உயிருக்கு வாங்குங்கோ, பிறகு மீனுக்கு வாங்குங்கோ. நான் இதை மாறிச் செய்தனான், அதாலதான் சொல்லுறன்.

இடத்தைப் பற்றி கொஞ்சம். ரொறொன்ரோவில இருந்து 404 ஹைவேயால வடக்க ஏறினால் ஒரு மணித்தியாலம், றேவன்ஷூ ரோட்டில இறங்கினால் கெஸ்விக் பக்கம் வந்திடும். ஏரி 722 சதுர கிலோமீற்றர், ஆனா முழு ஏரியும் ஒரே நாளில உறையிறேல்லை. தெற்கால இருக்கிற குக்ஸ் பே ஆழம் குறைவு, அது முந்தி உறையும், பேர்ச் மீனுக்கு அங்கதான் நான் போறது. பாரி பக்கம் இருக்கிற கெம்பன்பெல்ட் பே 41 மீற்றர் வரைக்கும் ஆழம், அது கடைசியாத்தான் உறையும், லேக் ட்ரவுட், வைட்பிஷ் பிடிக்கிற ஆக்கள் அங்க போவினம். ஒரு பக்கத்தில பத்து அங்குல ஐஸ் கிடக்கு எண்டு யாரும் படம் போட்டால் மற்றப் பக்கத்திலயும் அப்பிடித்தான் எண்டு நினைச்சுப் போகக்கூடாது.

முதல் வருஷம் ஹட் (ஐஸுக்கு மேல வைக்கிற சின்னக் கொட்டில்) வாடகைக்கு எடுத்தனாங்கள். ஸ்னோமொபைலில கொண்டுபோய் இறக்கிவிடுவாங்கள், உள்ளுக்கு ஹீற்றர், துளை போட்டு ரெடியா இருக்கும், பின்னேரம் வந்து ஏத்திக்கொண்டு போவாங்கள். புதுசா போற ஆக்களுக்கு நான் இப்பவும் இதைத்தான் சொல்லுவன், ஒரு சாமானும் வாங்காமல் ரெண்டு தரம் இப்பிடிப் போய்ப் பாருங்கோ, ஹட் வாடகைக்கு விடுற ஆக்கள் ஐஸை ஒவ்வொரு நாளும் அளக்கிறவை. அந்த முதல் நாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனன். அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டி ஆள், கடல் எண்டால் அவருக்கு வீடு மாதிரி, 1990இல அங்க இருந்து இடம்பெயர்ந்ததுக்குப் பிறகு தொழிலுக்குப் போகவே இல்லை. 65 வயசுக்கு மேல எண்டால் ஒன்ராறியோவில அவைக்கு மீன்பிடி லைசன்ஸ் வாங்கத் தேவையில்லை, ஐடி கையில இருந்தால் காணும். ஹட்டுக்குள்ள இருந்த குட்டித் தூண்டில் தடியை அவர் தொடவே இல்லை, தங்கூசியை மட்டும் எடுத்து சுட்டுவிரலுக்கு மேல போட்டுக்கொண்டு கதிரையில குந்தினார். நான் தடி நுனியைப் பாத்துக்கொண்டே இருந்தன், ஒண்டும் அசையேல்லை. அவர் "தம்பி, தொட்டுப் பாக்குது" எண்டு சொல்லி மெல்ல ஒரு இழுவை, பேர்ச் மேல வருது. அண்டைக்கு அவர் பதினாலு, நான் மூண்டு.

இதுக்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கினது. தண்ணி 4 பாகையிலதான் ஆகக் கனம், அதால அந்தத் தண்ணி அடியில போய் நிக்கும், அதைவிடக் குளிரான தண்ணி மேல வந்து ஐஸ் ஆகும். மீன் அந்த அடிக் குளிருக்குள்ள நிண்டு மெதுவாத்தான் அசையும், கோடையில மாதிரி வெட்டி இழுக்காது, இரையை வாய்க்குள்ள உறிஞ்சிப்போட்டு துப்பிப்போடும். தடி கொஞ்சம் தடிப்பு எண்டாலும் அது உங்களுக்குத் தெரியவராது.

ரெண்டாம் சீசன் சொந்தமா வாங்கத் தொடங்கினன். ஆறு அங்குல கை ஓகர் (ஐஸில துளை போடுற திருகு), ரெண்டு குட்டித் தடி, ஒரு பொப்-அப் டென்ட், சோனார். இவ்வளவும் ஒரே மாசத்தில. மிதக்கிற சூட் வாங்கேல்லை, அது விலை கூட எண்டு விட்டிட்டன், சாதாரண ஸ்னோ ஜக்கெற்றோட போனன்.

மூண்டாம் சீசன் பங்குனி தொடக்கத்தில கரையில இருந்து ஒரு இருபது அடி தூரத்தில வலது கால் தொடை வரைக்கும் உள்ள போயிட்டுது. காலமை போகேக்க அதே இடத்தால நடந்துதான் போனது, பின்னேரம் வெயிலுக்கு கரை ஓரம் இளகி இருந்திருக்கு. அங்க ஆழம் இல்லை, கூட வந்த மச்சான் ஸ்லெட் (சாமான் ஏத்தி இழுக்கிற சறுக்குவண்டி) கயிறை எறிஞ்சு இழுத்தார், ஒண்டும் நடக்கேல்லை. ஆனா கார் வரைக்கும் நடந்த அந்தப் பத்து நிமிசம் கால் என்ர கால் மாதிரியே இல்லை. அதுக்குப் பிறகு இருந்து படிச்சன். மானிற்றோபா பல்கலைக்கழகத்தில கோர்டன் கீஸ்பிரெக்ட் எண்டு ஒரு பேராசிரியர், தானே குளிர்த் தண்ணிக்குள்ள இறங்கி ஆராய்ச்சி செய்தவர், அவர் சொல்லுற கணக்கு 1-10-1. விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிசம், கை கால் சொல்வழி கேக்கிறது பத்து நிமிசம், உடம்பு விறைச்சு நினைவு போக ஒரு மணித்தியாலம். அதாவது முதல் நிமிசம் பதறாமல் மூச்சு விட்டால் ஏறி வர நேரம் இருக்கு. வந்த பக்கமே திரும்பி, காலைப் பின்னுக்கு உதைச்சு நீந்திற மாதிரி படுத்து ஏறவேணும், ஏறினதும் எழும்பி நிக்கக்கூடாது, உருண்டு போகவேணும்.

அடுத்த கிழமையே மிதக்கிற சூட் வாங்கினன், ஜக்கெற்றும் பிப் கால்சட்டையும், துணிக்கு உள்ளுக்கு நுரை வைச்சுத் தைச்சது. மூண்டு சீசன் போட்டிட்டன். சிப் ஒருக்கா இறுகினது, மெழுகு தடவச் சரி. முழங்கால் பக்கம் தையல் கொஞ்சம் விட்டிட்டுது, மனிசி தைச்சுத் தந்தவ. குளிருக்கும் இது நான் முந்திப் போட்ட எல்லாத்தையும் விட நல்லது, காத்து உள்ளுக்குப் போறதே இல்லை. கார் ஓடேக்க போட்டுக்கொண்டு ஓடாதேங்கோ, வேர்த்துக் கொட்டும், அந்த வேர்வை பிறகு ஐஸில குளிராகும். இதோட கழுத்தில தொங்கவிடுற ஐஸ் பிக் (விழுந்தால் ஐஸில குத்திப் பிடிச்சு ஏறிற கூர்) ஒரு சோடி, சப்பாத்துக்கு மாட்டுற முள்ளு, ஒரு அலவாங்கு. ஊரில வேலிக்குக் கிடங்கு கிண்டுற அதே சாமான்தான், இங்க ஸ்பட் பார் எண்டுவாங்கள். ரெண்டு அடிக்கு ஒருக்கா முன்னுக்குக் குத்திக் குத்திப் போறது, ஒரே குத்தில தண்ணி வந்தால் அப்பிடியே திரும்பிறது. இது மூண்டும் சேத்து ஒரு குடும்பம் ஹோட்டலில சாப்பிடுற காசு வராது.

தடிப்புக் கணக்கு ஆளாளுக்கு ஒண்டு சொல்லுவினம். ஐஸ் பிஷிங் ஆக்கள் தெளிவான ஐஸ் நாலு அங்குலம் இருந்தால் நடக்கலாம் எண்டுவினம், கனடா செஞ்சிலுவைச் சங்கம் 15 சென்ரிமீற்றர் எண்டு சொல்லுது, அது கிட்டத்தட்ட ஆறு அங்குலம். நான் ஆறுதான். அதுவும் தெளிவான ஐஸ், ஸ்னோ கலந்த வெள்ளை ஐஸ் எண்டால் பலம் பாதிதான். 2024 குளிர்காலம் ஐஸ் ஒழுங்காப் பிடிக்கவே இல்லை, நான் ரெண்டு தரம் கரை வரைக்கும் போய் அலவாங்கால குத்திப் பாத்திட்டு வீட்ட வந்தனான், மற்றாக்கள் சிலபேர் நடந்துதான் போச்சினம், எனக்கு மனம் வரேல்லை.

இனி ஓகர். கை ஓகர் ஆறேழு அங்குல ஐஸுக்கு நல்ல சாமான், சத்தம் இல்லை, பெற்றரி இல்லை. 18 அங்குலத்துக்கு மேல போனால் நாலாவது துளையோட தோள் விட்டிடும், எனக்கு இப்ப 47 வயசு. நாலாம் சீசன் டிரில்லில பூட்டுற ஓகருக்கு மாறினன். வீட்டில இருந்த பழைய டிரில்லைப் பூட்டி முதல் மாசமே அதின்ர கியர் போச்சுது, அது டிரில்லின்ர பிழை இல்லை, இந்த வேலைக்கு அது செய்யப்படேல்லை. பிரஷ்லெஸ் மோட்டர், 18 வோல்ட், 5 அம்பியர் பெற்றரி, பக்கத்தில பிடிக்கக் கைபிடி இருக்கிற டிரில், இது இருந்தால் ஆறு அங்குலத் துளைக்குக் காணும். பெற்றரியை ஜக்கெற்றுக்கு உள்ளுக்கு வைச்சுக்கொண்டு போங்கோ, குளிரில கிடந்தால் பாதி நேரத்தில செத்திடும். மேல ஒரு வட்டத் தட்டு கட்டாயம் பூட்டுங்கோ, எங்களுக்குப் பக்கத்தில ஒரு பெடியன்ர டிரில் வாய் இளகி முழு ஓகரும் துளைக்குள்ளால ஏரிக்குப் போச்சுது, பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். பிளேடு மண்ணில பட்டால் முடிஞ்சுது. வேலை முடிய ஈரத்தைத் துடைச்சு மூடி போட்டு வைக்கிறன், ஒரு சோடி பிளேடு ரெண்டு சீசன் வருது.

பொப்-அப் டென்ட் எனக்குச் சரிவரேல்லை. விரிச்ச உடன காத்து தூக்கும், தனிய நிண்டு நங்கூர ஆணி முறுக்கிறது பெரிய பாடு, ஒற்றைத் துணி எண்டபடியால் மூச்சுக்காத்து உள்ளுக்கு உறைஞ்சு பிறகு ஹீற்றர் போட தலையில சொட்டும். வித்திட்டு ஸ்லெட்டோட சேந்து மடங்கிற ரெண்டு பேர் டென்ட், உள்ளுக்குப் பஞ்சு வைச்சது வாங்கினன், நாலாவது வருஷம் போகுது, ஒரு கம்பி வளைஞ்சதைத் தவிர ஒண்டும் இல்லை. துணி டென்ட் 7 சதுர மீற்றருக்கு உள்ள எண்டால் பதிவு நம்பர் தேவையில்லை, மரத்தில ஹட் அடிக்கிறதெண்டால் பதியவேணும்.

என்ர ஹீற்றர் "மிஸ்டர் ஹீற்றர் பட்டி" எண்டது, சூட்டை 4,000க்கும் 9,000 பி.ரி.யு.வுக்கும் மாத்தலாம், ஒட்சிசன் குறைஞ்சால் தானா நிக்கும். அது நிக்கும்தானே எண்டு டென்ட் ஜன்னலை மூடி வைக்காதேங்கோ, மேல ஒண்டு கீழ ஒண்டு திறந்தே இருக்கட்டும், நான் கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒண்டும் பெற்றரி போட்டுத் தொங்கவிடுறன். குட்டி புரொப்பேன் சிலிண்டர் கூடின சூட்டில ஓடினால் சிலிண்டரே குளிர்ந்து நெருப்பு சுருங்கும், குறைச்சு வைச்சு ஓட்டினால் கனநேரம் வரும். கால் குளிருக்கு ஹீற்றர் உதவாது, ஐஸில இருந்து நேர ஏறிற குளிர் அது. பழைய யோகா பாய் ஒரு துண்டு வெட்டி காலுக்குக் கீழ போடுங்கோ, சப்பாத்து ஒரு சைஸ் பெருசா எடுங்கோ, ரெண்டு மூண்டு மேஸ் போட்டு இறுக்கினால் ரத்தம் ஓடாமல் இன்னும் குளிரும்.

சோனார் பிழையான சாமான் இல்லை. உங்கட இரை ஒரு கோடாத் தெரியும், கீழ இருந்து இன்னொரு கோடு மேல வந்தால் மீன், அது கிட்ட வந்து திரும்பிப் போகேக்க இரையை ஆட்டிற விதத்தை மாத்தலாம், மீன் இல்லாத துளையில மூண்டு மணித்தியாலம் குந்தி இருக்கத் தேவையில்லை. அதோட வந்த ஈயப் பெற்றரி ரெண்டு வருஷத்தில போச்சுது, லிதியத்துக்கு மாத்தினன், பாரம் பாதிதான், ஆனா பூச்சியத்துக்குக் கீழ கிடந்ததைக் கொண்டுவந்து உடன சார்ஜ் போடக்கூடாது, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான். தடி 28 அங்குலம், நுனி மெல்லிசு, நாலு றாத்தல் புளூரோகார்பன் தங்கூசி. பின்னல் நூல் வெளியில தண்ணியை உறிஞ்சி உறைஞ்சு கம்பி மாதிரி நிக்கும், டென்டுக்குள்ள எண்டால் பரவாயில்லை. இரைக்கு மின்னோ எண்ட குட்டி உயிர் மீன், சின்ன டங்ஸ்டன் ஜிக் (பாரமான தலை வைச்ச தூண்டில்). 2022இல இருந்து உயிர் இரையை எந்த வலயத்துக்குள்ள பாவிக்கலாம் எண்டு சட்டம் வந்திட்டுது, வாங்கின ரசீதை வைச்சிருங்கோ, மிஞ்சின வாளித் தண்ணியை ஏரிக்குள்ள ஊத்தாதேங்கோ.

2025 மாசியில பமிலி டே விடுமுறைக் கிழமை கொட்டின ஸ்னோ எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கிழமை முடிவில லைசன்ஸ் இல்லாமலே பிடிக்கலாம், பிள்ளையளைக் கொண்டுபோக இருந்தனான், விட்டிட்டு அடுத்த கிழமை தனியப் போனன். ஐஸ் தடிப்பாத்தான் கிடந்தது, ஆனா மேல விழுந்த ஸ்னோவின்ர பாரத்துக்கு ஐஸ் கீழ அமர்ந்து வெடிப்புகளால தண்ணி மேல வந்து முழங்கால் அளவுக்குக் கூழ். ஸ்லெட்டை இழுக்கவே ஏலாமல் போச்சுது, அரை மைல் போக ஒண்டரை மணித்தியாலம். அப்பிடி நாளுக்கு சாமான் பாதியை வீட்டில விட்டிட்டுப் போறதுதான் புத்தி.

சாப்பாட்டுக்கு ரோல்ஸ் கொண்டுபோனால் கல்லாகும், ஈயத்தாளில சுத்தி ஹீற்றருக்கு மேல வைக்கவேணும். பருத்தித்துறை வடைக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

பேர்ச் பிடிச்சு வைச்சிருக்கக்கூடிய அளவு முழு லைசன்ஸுக்கு 50, குறைச்சுப் பிடிக்கிற ஆக்களுக்கான கொன்சவேஷன் லைசன்ஸுக்கு 25, எனக்கு 25 காணும், துப்பரவாக்கிறதே ரெண்டு மணித்தியாலம். செதில் சரியான முரடு, அதால தோலோட உரிச்சு சதையை மட்டும் எடுக்கிறம். உப்பு, மஞ்சள், தூள், கொஞ்சம் தேசிப்புளி, பொரியல். குளத்து மீன் சாப்பிடமாட்டம் எண்டு சொல்லுற எங்கட ஆக்களுக்குச் சொல்லுறன், இந்தக் குளிர்த் தண்ணி மீனில சேத்து மணம் இல்லை. விளைமீன் சுவை இதில தேடாதேங்கோ எண்டு அப்பா சொன்னவர், ஆனா கோப்பையில ஒண்டும் மிஞ்சேல்லை. எந்த ஏரியில எந்த அளவு மீனை மாசத்தில எத்தனை தரம் சாப்பிடலாம் எண்டு ஒன்ராறியோ அரசாங்கம் வெளியிடுது, சின்னப் பிள்ளையள், கர்ப்பிணிப் பொம்பிளையள் இருக்கிற வீட்டில அதைப் பாத்துச் சமையுங்கோ.

அப்பா இப்பவும் வாறவர், வருஷத்தில ரெண்டு தரம், வாடகை ஹட்டுக்கு மட்டும். என்ர டென்டுக்கு வாறன் எண்டு போன மாரியும் கேட்டவர், நான் விடேல்லை, அவருக்கு மிதக்கிற சூட் இல்லை. "மயிலிட்டியில என்னத்தைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனனான்" எண்டு கேக்கிறார். மீடியம் சைஸ், கை கொஞ்சம் கட்டை. ஐப்பசியில கடையளில புதுச் சரக்கு இறங்கும், அப்ப அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பாத்து எடுக்கப்போறன்.