கேன்ஸ் மதிப்பீடு: ஏழு வருடம் கையில் வைத்திருந்த அனுபவம்

குழந்தைகள் நலப் பணியில் சேர்ந்த முதல் வாரமே என் கையில் கொடுக்கப்பட்ட படிவம் கேன்ஸ். 'சைல்ட் அண்ட் அடலசன்ட் நீட்ஸ் அண்ட் ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதன் சுருக்கம். குழந்தையின் தேவைகளையும் பலங்களையும் ஒரே இடத்தில் பதிவு செய்வதற்காக ஜான் லயன்ஸ் என்ற உளவியலாளர் 1990களில் உருவாக்கியது. ஏழு வருடமாக இதைப் பயன்படுத்துகிறேன். அதில் முதல் இரண்டு வருடம் தப்பாகத்தான் பயன்படுத்தினேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வீடு, பள்ளி, தூக்கம், மனநிலை, ஆபத்தான நடத்தைகள், பார்த்துக்கொள்பவரின் நிலைமை என்று பல தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை ஓர் எண். தேவைகளைப் பொறுத்தவரை 0 என்றால் அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. 1 என்றால் கண் வைத்திருக்க வேண்டும். 2 என்றால் திட்டத்தில் சேர்த்து ஏதாவது செய்தாக வேண்டும். 3 என்றால் உடனே, முழு மூச்சாக. எனவே இந்த எண் மார்க் கிடையாது. 'அடுத்து என்ன செய்யப் போகிறோம்' என்பதற்கான குறி. படிவத்தைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. ஆனால் பயிற்சி எடுத்து, ஒரு மாதிரிக் கதையைப் படித்து எண் போட்டு, அது 0.70 அளவுக்காவது (1 என்றால் முழுப் பொருத்தம்) சரியான விடையோடு ஒத்துப்போனால்தான் சான்றிதழ். அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

பயிற்சியில் நன்றாகவே தேறினேன். களத்தில்தான் தடுமாறினேன். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டேன். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. கேன்ஸ் கேள்வித்தாள் அல்ல. பேச வேண்டியதைப் பேசிவிட்டு, பள்ளியிலும் வீட்டிலும் விசாரித்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து நிரப்ப வேண்டியது. அது எனக்கு உறைக்க வெகுநாள் ஆனது.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. குழந்தையைத்தான் மதிப்பிட வேண்டும், கிடைத்துக்கொண்டிருக்கும் உதவியோடு சேர்த்து மதிப்பிடக் கூடாது. உதவி ஒரு தேவையை மறைத்துக்கொண்டிருந்தால் அடியில் இருக்கும் தேவைக்குத்தான் எண். இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு வளர்ப்புத் தாய், அதாவது குழந்தையைத் தற்காலிகமாகத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர். அவரிடம் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தூக்கம் என்ற இடத்தில் 0 போட்டு அவரிடம் காட்டினேன். இரவு ஒன்பதரைக்குப் படுக்கிறான், காலையில் ஆறரைக்கு எழுகிறான், அவரே சொன்னதுதான். அவர் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அவன் தூங்குறான். ஆனா நான் தூங்குறதில்லையே."

கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி போட்டிருந்தார். கைவைக்கும் இடத்தில் உறை தேய்ந்து நூல் தெரிந்தது. விளக்கை அணைக்காமல், அவன் கை தன் புடவைத் தலைப்பைப் பிடித்திருக்க, நள்ளிரவு தாண்டும்வரை அதில்தான் உட்கார்ந்திருப்பாராம். எழுந்தால் விழித்துக்கொள்வான். நாலு மாதமாக இப்படி. அந்த 0-ஐ அப்படியே விட்டிருந்தால் திட்டத்தில் தூக்கம் என்ற பேச்சே வந்திருக்காது. அவர் ஒருநாள் உடைந்துபோயிருப்பார், பையன் இன்னொரு வீட்டுக்கு மாற்றப்பட்டிருப்பான். அங்கேயே அடித்துவிட்டு 2 போட்டேன். பார்த்துக்கொள்பவரின் தேவைகள் என்ற பகுதியிலும் 2. அதை வைத்துத்தான் பையனுக்கு மன அதிர்ச்சிக்கான சிகிச்சையும், வாரத்தில் இரண்டு இரவு அவருக்கு மாற்று ஆளும் கேட்க முடிந்தது.

அன்றிலிருந்து நிரப்பிய படிவத்தை வீட்டாரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடுவதில்லை. நாலு பேர் உட்கார்ந்து "இது 1-ஆ, 2-ஆ" என்று வாதாடும் பத்து நிமிடத்தில் கிடைப்பது தனியாக நிரப்பும் ஒரு மணி நேரத்தில் கிடைக்காது. கருவியே அந்த வாதத்துக்காகத்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

பலங்கள் பகுதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் அதிகம் அலட்சியப்படுத்தப்படுகிறது. புதியவர்கள் அங்கே 3 என்றால் பலம் அதிகம் என்று எண்ணிப் போட்டுவிடுகிறார்கள். நேர்மாறு. 0 என்றால் திட்டத்தையே அதன்மேல் கட்டலாம் என்ற அளவுக்கு உறுதியான பலம், 3 என்றால் இன்னும் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. 'கண்டுபிடிக்கப்படவில்லை' என்ற சொல்லைக் கவனியுங்கள். குழந்தையிடம் இல்லை என்று அது சொல்லவில்லை, தேடும் வேலை நம்முடையது என்கிறது. பள்ளிக்கே போகாத ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு, வரிசையாக 3 போட்ட பழைய படிவம் என்னிடம் வந்தது. போய்ப் பார்த்தால் வாசலில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். தெருவில் யார் சைக்கிள் கெட்டாலும் அவனிடம்தான் வருகிறது. இதை ஏன் யாரும் எழுதவில்லை? யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவனைப் பள்ளிக்குத் திரும்ப அழைத்துப் போனதும் அங்கிருந்த பட்டறை வகுப்புதான்.

சரி, குறைகள். பெரும்பாலானவை கருவியில் இல்லை, கையாளும் விதத்தில் இருக்கின்றன. நான் முன்பு வேலை செய்த ஒரு அலுவலகத்தில் எல்லா எண்களையும் கூட்டி மொத்தம் போடுவார்கள். மொத்தம் குறைந்தால் குழந்தை தேறிவிட்டதாகக் கணக்கு. தற்கொலை அபாயத்தில் ஒரே ஒரு 3 இருக்கும் குழந்தையின் மொத்தம் சின்னதாகத்தான் வரும். அந்த ஒரு 3-ஐப் பார்க்காமல் மொத்தத்தைப் பார்ப்பது ஆபத்து. அதோடு, இரண்டாவது மதிப்பீட்டில் எண்கள் ஏறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். குழந்தை மோசமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மூன்று மாதம் கழித்து நம்மை நம்பி வாயைத் திறந்திருக்கிறது. அதைத் தோல்வி என்று அறிக்கையில் எழுத வைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

அதே இடத்தில் கணினியில் 'முந்தையதை நகலெடு' என்று ஒரு பொத்தான் இருந்தது. வேலைப்பளுவில் எல்லோரும் அழுத்தினார்கள், நானும் அழுத்தியிருக்கிறேன். கடந்த 30 நாளைப் பற்றிச் சொல்ல வேண்டிய படிவம், போன வருடத்துக் குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

அந்த 30 நாள் விதியையும் கண்மூடித்தனமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. நாற்பது நாளுக்கு முன் வீட்டை விட்டு ஓடிப்போன ஒரு பெண்ணுக்கு, காலக்கெடு தாண்டிவிட்டது என்று ஓடிப்போதலில் 0 போட்டிருந்தேன். மேற்பார்வையாளர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரே கேள்வி கேட்டார்: "இவ விஷயத்துல நாம ஒண்ணும் செய்ய வேண்டாமா?" எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் முதலில், நாள் கணக்கு அதற்குப் பிறகு.

கருவியிலேயே எனக்கு இருக்கும் மனக்குறை ஒன்றுதான். 'என்ன' என்பதை மட்டும் மதிப்பிடு, 'ஏன்' என்பதற்குள் போகாதே என்கிறது. யார்மேலும் பழி விழாமல் பேச அது உதவுகிறது, உண்மை. ஆனால் அம்மாவுக்கு வேலை போனதால் பள்ளிக்கு வராத குழந்தையும், வகுப்பில் அடிவாங்கப் பயந்து வராத குழந்தையும் அந்தக் கட்டத்தில் ஒரே 2. அதனால் ஒவ்வொரு 2, 3-க்கும் கீழே இரண்டு வரியாவது எழுதிவைக்கிறேன்.

அந்த எட்டு வயதுப் பையனுக்குப் போன மாதம் மறுமதிப்பீடு. நாற்காலி இப்போது கூடத்துக்குப் போயிருந்தது. விளக்கை அணைத்தாலும் தூங்குகிறான். நான் 0 என்று சொல்ல வாயெடுத்தேன்.

"1 போடுங்க மேடம்," என்றார் அவர். "அடுத்த மாசம் கோர்ட்டு தேதி இருக்கு. அது முடியட்டும், பார்ப்போம்."

1 போட்டேன்.