வீட்டு வாசலா, ஆய்வகமா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அம்பாசமுத்திரம் பக்கம் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும். அதைக் கணக்கெடுக்க இரண்டு வழி உண்டு: கிராம சுகாதாரச் செவிலியர் வாசலில் நின்று அறிகுறிகளைக் கேட்டு எழுதுவது, அல்லது மருத்துவமனைக்கு வருபவர்களின் சளி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது.

செவிலியர் வழி வேகமானது. ஒரே தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல் என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் ஃப்ளூவா, கோவிட்டா, ஆர்எஸ்வி என்ற இன்னொரு சுவாச வைரஸா என்று சொல்ல முடியாது. ஆய்வகம் அதைச் சொல்லும். சரி, மருத்துவமனைக்கே போகாதவர்கள்? சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுத் திண்ணையில் சுருண்டு படுத்திருக்கும் ஆச்சி ஆய்வகத்தின் கணக்கில் வரவே மாட்டார்.

யார் தடுப்பூசி போட்டார்கள் என்று அறிய ஆய்வகம் உதவாது, செவிலியரின் பதிவேடுதான். குழந்தைக்கு 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் போடும், நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி அதில் தேதியோடு இருக்கும். பெரியவர்கள் காசு கொடுத்துத் தனியாரிடம் போடும் ஃப்ளூ ஊசிதான் பெரும்பாலும் அந்தப் பதிவேட்டில் விடுபட்டுப் போகிறது. வருடாவருடம் போடவேண்டிய ஊசி அது. எனக்கு இது பெரிய கவலை.

அதனால் என் ஓட்டு செவிலியருக்குத்தான். இருமலை விசாரிக்கும்போதே இதையும் கேட்டுவிடலாம்: "ஆச்சி, இந்த வருசம் ஃப்ளூ ஊசி போட்டியளா?"