பேசி எழுதுவதா, தட்டி எழுதுவதா? ஒரு மனு மேஜையின் அலசல்

திங்கட்கிழமை என்றால் சேலம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். காலை எட்டு மணிக்கே என் டிடிபி கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். பட்டா பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை, அடைபட்ட பொதுவழி என எல்லா மனுவும் தமிழில்தான். தமிழ்99 விசைப்பலகையில் தட்டியே பழகிய கை என்னுடையது. பேசினால் எழுதிக்கொள்ளும் வசதிகளையும் இப்போது மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன்.

கூகுள் டாக்ஸுக்குக் காசு வேண்டாம். குரோமில் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங்கை எடுத்து, மொழியைத் தமிழ் என்று வைத்தால் போதும். வாக்கியம் நீளமாக இருந்தால் நன்றாகவே பிடிக்கிறது. எங்கள் பக்கம் பலர் ‘வழி’யை ‘வளி’ என்றுதான் சொல்வார்கள். முன்பின் சொற்களை வைத்துப் பெரும்பாலும் சரியாகவே எழுதிவிடுகிறது. ‘முற்றுப்புள்ளி’ என்றால் மட்டும் அந்தச் சொல்லே வந்து விழுகிறது. பழைய மனுவைப் பார்க்க வேறு டேபுக்குப் போனால் மைக் நின்றுவிடும். கூட்டமான காலையில் இது பெரிய இடைஞ்சல்.

வேர்டில் பேசி எழுத உதவும் டிக்டேட் பட்டன் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருக்க வேண்டும். ஒரே தடவை காசு கட்டி வாங்கிய பழைய வேர்டில் அது கிடையாது. விண்டோஸ் 11 இருந்தால் விண்டோஸ் பட்டனோடு எச் அழுத்தி அதே பழைய வேர்டிலும் பேசலாம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று நான் போட்டு வைத்திருக்கும் படிவத்திலேயே சொற்கள் விழுவதால் வெட்டி ஒட்டும் வேலை மிச்சம். ஆனால் கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தத்தில், தள்ளி இருக்கும் மைக் பாதிச் சொல்லை விழுங்கிவிடுகிறது.

அதனால்தான் போனுக்கு வந்தேன். டாக்ஸ் செயலியைத் திறந்து, கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் மைக்கை அமுக்கி, மனு கொடுப்பவர் கையிலேயே தந்துவிடுகிறேன். வாய்க்குப் பக்கத்தில் மைக் இருக்கிறது. அதைவிட, கம்ப்யூட்டரைப் பார்த்து மிரள்பவர்கள்கூட போனில் தயங்காமல் பேசுகிறார்கள்.

போன மாதம் ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஓர் அம்மா இறங்கி வந்தார். காப்பித் தோட்டத்துக்குப் போகும் தடத்தில் யாரோ கம்பிவேலி போட்டுவிட்டார்கள். “எங்க ஊட்டுக்காரரு போயி ஏழு வருசமாச்சுங்க சாமி” என்று ஆரம்பித்தார். திரையில் ‘ஓட்டுக்காரர்’ என்று விழுந்தது. பேச்சுத் தமிழ் என்றால் டாக்ஸ், வேர்டு, போன் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. நான் குறுக்கிடவில்லை. நாலு நிமிடம் பேசியவர் நடுவில், “அந்தத் தடத்துலதான் அவரத் தூக்கிட்டுப் போனோம்” என்றார்.

நான் தட்டியிருந்தால் எத்தனை அடி அகலம், எந்தத் தேதியில் அடைத்தார்கள் என்று கேட்டு, ‘மேற்படி பாதையை அனுபவித்து வருகிறோம்’ என்ற வழக்கமான வரியில் முடித்திருப்பேன். அந்த ஒரு வரி வெளியே வந்திருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, மனுவின் முதல் வரைவுக்கு நான் போனைத்தான் சொல்வேன்.

மற்றதெல்லாம் தமிழ்99 வேலை. சர்வே எண்ணில் ‘112/2பி’ என்பதைச் சொல்லிப் பார்த்தேன். கோடு வர வேண்டிய இடத்தில் ‘பை’ என்று நின்றது. சர்வே எண் ஒன்று பிசகினால் மனு வேறு நிலத்துக்குப் போய்விடும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் கையால்தான். ஆதார் எண்ணின் 12 இலக்கத்தையும், நாலு பேர் நிற்கும் கடையில் யாரையும் உரக்கச் சொல்ல வைக்க மாட்டேன்.

1999-இல் தமிழக அரசு ஏற்ற இந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். க-வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகிவிடும். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரிலும் இது நிற்காது. புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். தினமும் எழுதுகிறவர்கள் அந்த நாட்களைச் செலவழிக்கலாம்.

அந்த அம்மாவின் மனுவில் ‘ஊட்டுக்காரரு’வைக் ‘கணவர்’ ஆக்கினேன், தேதியும் எண்ணும் சேர்த்தேன். ‘தடம்’ என்பதை ‘பாதை’ என்று மாற்றப் போனபோது, “தடம்னே இருக்கட்டுங்க” என்றார். அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.