படுக்கைக்கே வந்த ஸ்கேன்

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த சமயத்தில் அப்பாவுக்கு ராத்திரி மூச்சு இரைத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு அலைவோம் என்றுதான் நினைத்தேன். அந்த அலைச்சலே இல்லை.

இரவுப் பணி மருத்துவர் கையடக்க அல்ட்ராசவுண்டை ஒரு டேப்லெட்டில் செருகி, ஜெல் தடவி, விலா இடுக்குகளில் வைத்துப் பார்த்தார். காற்று நிறைந்த நுரையீரலுக்குள் ஒலி அலை நுழையாது. எதிரொலித்துத் திரையில் கிடைக்கோடுகளாகத் தெரியும். நீர் கோத்திருந்தால் மேலிருந்து கீழ்வரை நெடுக்குக் கோடுகள் இறங்கும். அப்பாவுக்கு இரண்டு பக்கமும் நெடுக்குக் கோடுகள்தான். இதயத்தையும் பார்த்தார், சுருங்கும் வலு குறைந்திருந்தது. நீர் பிரிய ஊசி போட்டார்கள், விடிவதற்குள் மூச்சு சீரானது.

அப்புறம் சக்கரம் வைத்த எக்ஸ்ரே வந்தது. படம் பதியும் தட்டை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வைத்து முன்னாலிருந்து எடுக்கிறார்கள். இதயம் தட்டிலிருந்து தள்ளி இருப்பதால் நிஜத்தைவிடப் பெரிதாகத்தான் படத்தில் விழும். 'இதயம் வீங்கிடுச்சா?' என்று பதறிய சித்தப்பாவுக்கு டெக்னீஷியன் இதைப் பொறுமையாக விளக்கினார். எங்களை 2 மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னதும் சரி. தூரம் இரட்டித்தால் கதிர்வீச்சு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பெரிய குறை காலையில்தான் தெரிந்தது. டியூட்டி மாறியபோது, இரவு ஸ்கேனில் என்ன பார்த்தார்கள் என்று கேஸ் ஷீட்டில் ஒரு வார்த்தை இல்லை. படங்களையும் சேமிக்கவில்லை. புதிதாக வந்தவர் மறுபடி ஜெல்லை எடுத்தார். கருவியைத் துடைத்தாரா என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை, படுக்கைக்குப் படுக்கை போகிற பொருள், கேட்கத்தான் வேண்டும்.

இந்த வகை ஸ்கேன் பார்ப்பவரின் கைப்பழக்கத்தை ரொம்பவே நம்பியிருக்கிறது. எலும்புக்கும் வாயு நிறைந்த குடலுக்கும் பின்னால் இருப்பது தெரியாது. நுரையீரலில் நீர் இருக்கிறதா என்பது போன்ற ஒற்றைக் கேள்விக்கு நொடியில் பதில் தரும். இதய வால்வு எவ்வளவு கசிகிறது என்று அளக்க முழு எக்கோ, அதாவது இதயத்துக்கான விரிவான அல்ட்ராசவுண்ட், வேண்டும், அதை மறுநாள் தனியாக எடுத்தார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எக்கோ முடிவு இருந்தது. அப்பாவின் சிகிச்சையைத் தீர்மானித்த இரவு ஸ்கேனைக் காணோம். நான் கேட்ட பிறகே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.